எங்கள் இருவருக்கும் முப்பத்தாறு

இடது கை மரத்துப்போவதை மூன்று வாரமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. ஷா ஆலம் தொழிற்சாலை அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். தோளில் ஓர் இழுப்பு ஆரம்பித்து, முழங்கை வழியாக இறங்கி, சுண்டுவிரலில் வந்து குறுகுறுக்கும். கையை உதறுவேன், அடங்கும், மறுபடி வரும். பக்கத்து மேசைப் பெண் என்ன என்று கேட்டால் எரிந்து விழுவேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் என் அக்கா இதே இடது தோளைச் சொல்லித்தான் எனக்குப் போன் செய்தாள். கிள்ளானில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். காலை பத்து மணி இருக்கும். சரக்கு ஏற்ற வந்த லோரிக்காரரோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"இடது தோள் இழுக்குதுடி. கை வரைக்கும் வருது."

"பிரா ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு உட்காரு லா. நாள் பூரா மெஷின் முன்னாடி குனிஞ்சே கிடந்தா அப்படித்தான்," என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

"சரி," என்று வைத்துவிட்டாள். மதியம் மெஷின் மேலேயே சாய்ந்து கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள். அவளுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. அந்தப் போனைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, முக்கியமாக அவள் மகளிடம். இந்த வருடம் எனக்கும் நாற்பத்தொன்பது.

அக்கா மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். பெட்டாலிங் ஜெயாவில் வேலை. ஒரு சனிக்கிழமை காலை, அவள் கண் முன்னாலேயே என் இடது கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவி விழுந்து உடைந்தது.

"என்னாச்சு சின்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வழுக்கிடுச்சு."

"இடது கையா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. உடைந்த கோப்பையை அப்படியே போட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். மருத்துவமனை பத்து நிமிடத் தூரம்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்து எல்லா விளக்கும் சிவப்பு. யாரையும் பார்த்து ஹார்ன் அடிக்காத பெண், முன்னால் நின்ற வண்டிகளை எல்லாம் பார்த்து அடித்துத் தீர்த்தாள்.

எமர்ஜென்சியில் என்னைப் படுக்கவைத்து நெஞ்சில் இசிஜி ஒயர்களை ஒட்டினார்கள். ஒட்டியது ஒரு தமிழ் நர்ஸ். இயந்திரத்திலிருந்து தாள் வெளியே வரும்போது நான் தாளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் வந்து, இதுவரை பயப்பட ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்கவேண்டும் என்றார். சில மணி நேரம்! என் அக்காவுக்கு அவ்வளவுதான் கிடைத்தது என்று நினைத்தேன்.

இரண்டாவது முறை ஒயர் ஒட்ட வந்த அதே நர்ஸ் என் தோளில் விரலை வைத்து அழுத்தினாள். சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருந்தது.

"அக்கா, தோள்ல இந்தப் பள்ளம் எத்தனை நாளா இருக்கு?"

"ரொம்ப வருஷமா."

"என்ன சைஸ் பிரா போடுறீங்க?"

உயிர் இருக்குமா போகுமா என்று கிடக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? "முப்பத்தாறு பி," என்றேன் வெடுக்கென்று.

"யார் அளந்தாங்க?"

"எங்கக்கா."

அக்கா அளந்தது பிளவுசுக்கு. டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டாள், முப்பத்தாறு வந்தது. அவளுக்கும் அதே முப்பத்தாறுதான். பிளவுஸ் முப்பத்தாறு என்றால் பிராவும் முப்பத்தாறுதானே என்பது அவள் கணக்கு. பாசார் மாலம் என்ற இரவுச் சந்தைக் கடையில் ஆறு ஆறாகக் கட்டி விற்பதை வாங்கிவந்து ஆளுக்கு மூன்றாகப் பிரித்துவிடுவாள். விலாவைச் சுற்றும் பட்டை தொளதொளவென்று இருந்தால் ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்கிக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். இருபது வருடம் நான் இறுக்கிக்கொண்டே போனேன்.

மாலையில் டாக்டர் எல்லா முடிவுகளோடும் வந்தார். இதயம் நன்றாக இருக்கிறது, தோளில் நரம்பு அழுந்துகிறது, பெரும்பாலும் ஸ்ட்ராப்பாலும் தோளில் மாட்டும் கனமான பையாலும் இருக்கும், சரியான அளவு வாங்கிப் போட்டுப் பாருங்கள், மறுபடி வலித்தால் உடனே வாருங்கள் என்றார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. "ஸ்ட்ராப்தான்னு அவ்வளவு லேசா எப்படிச் சொல்றீங்க?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. இரண்டு தாள்களையும் என் மடியில் விரித்து வைத்தார்.

"லேசா சொல்லலம்மா. ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

அந்த வார்த்தை என்னை அடித்துப் போட்டுவிட்டது. நான் ஒரு தடவைகூடப் பார்க்காமல் சொன்னவள்.

மறுவாரம் அக்கா மகள் என்னை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த சீன ஆன்டி என்னைத் துணி மாற்றும் அறைக்குள் நிறுத்தி, முதுகைப் பார்த்ததுமே உச்சுக் கொட்டினார். என் பிராவின் பின்பட்டை முதுகில் பாதி தூரம் மேலே ஏறியிருந்தது. பட்டை ஏறினால் கனம் முழுவதையும் தோள்தான் தூக்கவேண்டும் என்று மலாயில் திட்டினார். பிறகு மார்புக்குக் கீழே, விலாவை ஒட்டி டேப்பை இறுக்கிச் சுற்றினார். அந்த இடத்தில் என்னை யாரும் அளந்ததே இல்லை. முப்பத்தொன்று வந்தது. முப்பத்திரண்டு போடு என்றார். எண் விலாவுக்கு, எழுத்து மார்பு அதிலிருந்து எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதற்கு. முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தாறுக்கு நாலு அங்குலம், அப்படியென்றால் டி.

டி என்றதும் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். டி எல்லாம் பெரிய உடம்புக்காரர்களுக்கு என்றேன். ஆன்டி சிரித்தார். எண்ணைத் தப்பாகப் போட்டால் எழுத்தும் தப்பாகத்தான் வரும் என்று சொல்லி, ஒன்றை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனார்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. அக்கா மகள் உள்ளே வந்து மாட்டிவிட்டாள். பட்டை விலாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கணத்தில் தோள் இரண்டும் காலியாகிவிட்டன. இவ்வளவு வருடம் அங்கே என்ன கனம் இருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இறுக்குதா சின்னம்மா?"

"இல்ல." கண்ணாடியில் அவள் தலை குனிந்து ஸ்ட்ராப்பைச் சரிசெய்வது தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்வதானால் இப்போதுதான் சொல்லமுடியும் என்று தோன்றியது. "அன்னைக்குக் காலைல உங்கம்மா எனக்குப் போன் பண்ணா. தோள் வலிக்குதுன்னு சொன்னா. ஸ்ட்ராப்பை லூஸ் பண்ணுன்னு சொல்லிச் சிரிச்சேன்."

அவள் விரல்கள் என் தோளில் நின்றுவிட்டன. அடிக்கப்போகிறாள், அல்லது அறையைவிட்டுப் போய்விடுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கும் பண்ணாங்க," என்றாள். "உங்களுக்கு அப்புறமா இருக்கும். நான் காலேஜ்ல கிளாஸ்ல இருந்தேன். தைலம் தேய்ச்சுட்டுப் படுங்கம்மான்னு சொல்லி வச்சுட்டேன்."

வெளியே ஆன்டி கதவைத் தட்டி, அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் கையை உயர்த்தி, தோளில் இருந்த அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு முறை தட்டினார்.