எட்டு மணி நேரக் கறியும் மாமனாரின் பல்செட்டும்

பல்லக்காவுக்கு ஊரில் பாதிப் பேரின் ஈறு தெரியும், முகம்தான் தெரியாது. பல் மருத்துவமனையின் பின்னறையில் ஜன்னலோரம் மேசை போட்டு, இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறாள். முன்னறையில் டாக்டர் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுப்பார். பின்னறைக்கு வருவது வெள்ளை அச்சும், அவர்கள் கடித்துக் கொடுத்த மெழுகுத் துண்டும் மட்டும்தான். மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே வந்து சேர்கின்றன என்பதை அந்த மெழுகு சொல்லிவிடும். அதைப் பார்த்து ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டு போவாள். பேருந்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், 'இது நம்ம கைவேலை' என்று அவளுக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்ல முடியாது. சொன்னால் சிரித்தவர் வாயை மூடிக்கொள்வார்.

அதற்கு முன்பு ஒரு கேக் கடையில் சர்க்கரைப் பூ செய்துகொண்டிருந்தாள். கேக் வாங்க வந்த டாக்டர், இவள் விரல் போகிற போக்கைக் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "இந்தக் கைக்குப் பல்லு செய்ய வராதாம்மா?" என்று கேட்டார்.

"சர்க்கரைப் பூ உடைஞ்சா வாயில போட்டுக்கலாம் டாக்டர். பல்லு உடைஞ்சா என்ன பண்றது?"

பண்ணலாம் என்று டாக்டர் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை பின்னறைக்கு வந்தவள்தான், அப்படியே தங்கிவிட்டாள். அவள் செய்த செட் எதுவும் இரண்டு தடவைக்கு மேல் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்; ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கும்.

அந்தக் கர்வத்தில் மண்ணை அள்ளிப் போட்டவர் சொந்த மாமனார்.

மாமனார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். நாற்பது வருடம் மைதானத்தில் விசிலும் கையுமாக, இல்லை, விசிலும் வாயுமாக நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் குரல் ஓய்வு பெறவில்லை. மாடியில் நின்று "காபி" என்றால் தெருமுனைக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். பல் ஒவ்வொன்றாகப் போய், போன வருடம் கடைசிப் பல்லும் போனது. மருமகள் தன் திறமையெல்லாம் காட்டி ஒரு செட் செய்தாள். வயசுக்குப் பொருத்தமாக லேசான மஞ்சள். முன்பல் இரண்டும் கொஞ்சம் கோணல், அசல் போல இருக்கட்டுமே என்று. மாமனார் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, பார்க்கிறதுக்கு" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் வினை. வலிக்கிறது, ஆடுகிறது, மென்றால் கீழ் செட் எழுந்து நிற்கிறது என்று ஆறு தடவை திரும்பி வந்தது. அவளும் ஆறு தடவை அச்சில் வைத்துப் பார்த்தாள். ஆறு தடவையும் கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசியில் அவர் பல்லைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாராவது வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி மாட்டிக்கொள்வார். அவர்கள் படி இறங்கியதும் கழற்றிவிடுவார்.

சாப்பாட்டுக்கு அவருக்குக் கவலையில்லை. அவர் மகன், பல்லக்காவின் கணவன், மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பானை, ஸ்லோ குக்கர், ஒன்று வாங்கி வந்திருந்தான். லிப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். பட்டனை அழுத்தினால் மற்றது தானாக நடக்க வேண்டும் என்ற கொள்கை உடையவன். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு அது வரமாக வந்தது. பல்லக்கா ஞாயிற்றுக்கிழமைக்கென்று கால்பக்கத்து மாட்டுக்கறியாகப் பார்த்து வாங்குவாள். நரம்பும் சவ்வுமாக, விலை மலிந்தது. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தவாவில் நாலு பக்கமும் சிவக்கவிட்டு, அடியில் வெங்காயம், மேலே கறி, பூண்டு, தக்காளி, மிளகு, ஒரே ஒரு கிண்ணம் தண்ணீர். சனி இரவு படுக்கப் போகும்போது குறைந்த சூட்டில் வைத்தால் எட்டு மணி நேரம் வெந்து சூடாகக் காத்திருந்து, ஞாயிறு மதியம் கரண்டி பட்டதும் பிரிந்துவிடும். அந்தச் சவ்வெல்லாம் கரைந்து குழம்பு உதட்டில் ஒட்டும். மாமனார் வெறும் ஈறாலேயே இரண்டு தட்டு காலி பண்ணுவார்.

"பல்லு எதுக்கும்மா? கறிதான் எனக்காக மென்னுட்டு வருதே!"

அவளுக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் தொலைபேசி வந்தது. முப்பது வருடத்துக்கு முன்பு அவர் பயிற்சி கொடுத்துக் கோப்பை ஜெயித்த கால்பந்து அணிப் பையன்கள், இப்போது தலை நரைத்த பையன்கள், ஒன்றுகூடி மதிய விருந்து வைக்கிறார்களாம். மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர்தான் நடுவில் உட்கார வேண்டுமாம். முழு மாட்டுத்தொடையைச் சுட்டு வெட்டிப் பரிமாறப் போகிறார்களாம்.

"வரலைன்னு சொல்லிட்டேன்" என்றார் மாமனார்.

"ஏன் மாமா?"

"தட்டுல ஒரு துணுக்கு மிச்சம் வச்சாலும் மைதானத்தை மூணு சுத்து ஓடவிட்டவன் நான். அன்னிக்கு அத்தனை பேரும் என் தட்டைத்தான் பார்ப்பானுங்க. பதினோரு பேருக்கு முன்னாடி சூப்பு உறிஞ்சச் சொல்றியா?"

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று காபி கேட்டுக் குரல் வரவில்லை. அது அவளுக்குத் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டியவள் வீட்டில் ஒரு மனுஷன் பல்லில்லாமல் ஒளிந்துகொள்கிறார் என்றால், இந்தக் கை இருந்து என்ன?

யோசித்து யோசித்து, குற்றவாளி ஸ்லோ குக்கர்தான் என்று முடிவு கட்டினாள். கறி பஞ்சாக இருக்கும்வரை பல் பைக்குள்தான் இருக்கும். அந்தச் சனிக்கிழமை இரவு மறந்ததுபோல் படுத்துவிட்டு, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத்தான் சுவிட்சைப் போட்டாள். மதியம் இரண்டு மணிக்கு ஒன்றும் தெரியாதவள் போல் பரிமாறினாள்.

கணவன் ஒரு துண்டை வாயில் போட்டான். இடது பக்கம் தள்ளினான். வலது பக்கம் தள்ளினான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏண்டி, இது மாடா, மாட்டோட செருப்பா?"

மாமனார் பல்லை மாட்டிக்கொண்டு ஒரு கடி கடித்தார். "ஆ!" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு கழற்றித் தட்டோரம் வைத்தார். பிறகு மருமகளை நிதானமாகப் பார்த்தார்.

"ஒம்போது மணிக்குத்தான் சுவிட்சு போட்ட. மாடிப்படியில நின்னு பார்த்தேன். எத்தனை பசங்க வயித்துவலின்னு ஏமாத்தப் பார்த்திருக்கானுங்க என்கிட்ட!"

"பின்ன என்ன மாமா? அச்சுல வச்சா அவ்வளவு அழகா உட்காருது. உங்க வாயிலதான் உட்கார மாட்டேங்குது!"

"அப்ப அந்த அச்சை விருந்துக்கு அனுப்பு."

கணவன் சிரித்துத் தொலைத்தான். அவள் முறைத்த முறைப்பில் எழுந்து, கறியை மறுபடி பானையில் கொட்டி மூடி, இன்னும் மூன்று மணி நேரம் வைத்தான். ஐந்து மணிக்கு வாசனை வந்து மூன்று பேரையும் மேசைக்கு இழுத்தது. அதே கறிதான், இப்போது வெண்ணெய் போல் இருந்தது. மாமனார் பல்லைத் தொடாமல், ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

பல்லக்கா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். மோவாயில் கையை ஊன்றி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் பரிமாறுகிற அவசரத்தில் அவர் வாயை அவள் கவனித்ததில்லை. அவர் மோவாய் கீழே போனது, நேராக மேலே வந்தது. விழுங்கும்போதும் நேராக, நூல் பிடித்தது போல.

"மாமா, கடிங்க" என்றாள் திடீரென்று.

மோவாய் சட்டென்று முன்னால் வந்து இடது பக்கம் ஒதுங்கி இறுகியது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, சாப்பிடுங்க." நேராக. "கடிங்க!" இடது பக்கம்.

"என்னடி, அப்பாவுக்கே டிரில் எடுக்கிற?" என்றான் கணவன்.

"நீங்க சும்மா இருங்க. மாமா, விசிலை எந்தப் பக்கம் கடிச்சுக்குவீங்க?"

"இது ஒரு கேள்வியா? இடது பக்கம். வலது பக்கம் திட்டுறதுக்கு வேணும்ல?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். டாக்டர் மெழுகை வாயில் வைத்து "கடிங்க மாஸ்டர்" என்றிருக்கிறார். கட்டளை என்றால் மாஸ்டருக்குக் கேட்க வேண்டுமா? நாற்பது வருடமாகக் கடித்துப் பழகிய மாதிரியே விறைப்பாகக் கடித்துக் கொடுத்துவிட்டார். அந்த மெழுகுதான் பின்னறைக்கு வந்தது. விசில் ஊதுகிற வாய்க்குக் குறையே இல்லாமல் பல் செய்திருக்கிறாள். சாப்பிடுகிற வாய்க்குச் செய்யவில்லை. ஆறு தடவையும் அச்சு பொய் சொல்லவில்லை, மாமனாரும் பொய் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாமனாரையும், டப்பா நிறைய எட்டு மணி நேரக் கறியையும் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"இந்த நாற்காலியில உட்கார்ந்து இதுவரைக்கும் யாரும் சாப்பிட்டதில்லைம்மா."

"அதான் டாக்டர் தப்பாப் போச்சு."

நாலு வாய் கறியை மென்று விழுங்கவிட்டார்கள். மோவாய் தன் வழிக்கு வந்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, சூடாக்கிய மெழுகை உள்ளே வைத்தார் டாக்டர். பக்கத்தில் நின்ற பல்லக்கா, "கடிக்கவே கடிக்காதீங்க மாமா. கறியை முழுங்குற மாதிரி முழுங்குங்க, போதும்" என்றாள். அவர் விழுங்கினார். மெழுகை வெளியே எடுத்துப் பார்த்தால் பழையதற்கும் இதற்கும் ஒரு பருப்பு அளவு வித்தியாசம். மிச்சக் கறியை டாக்டர் முடித்தார்.

மூன்றே நாளில் பழைய செட்டிலிருந்து பற்களைப் பிடுங்கிப் புதிதாக நட்டாள். அதோடு விடவில்லை. வாய் பழக வேண்டுமே. முதலில் பத்து மணி நேரக் கறி, சிறு சிறு துணுக்காக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லச் சொல்லி. வாய் பழகப் பழக எட்டு மணி நேரம் வெந்தது, கொஞ்சம் பெரிய துண்டு. கடைசி நாட்களில் ஏழு மணி நேரம், நாருக்குக் குறுக்கே வெட்டியது. மாமனார் மனதுக்குள் 'ஒன், டூ' எண்ணிக்கொண்டு மென்றார். உதடு அசைவதிலிருந்து தெரிந்தது. ஈறு சிவந்த இடத்தில் அழுத்திய செட்டை இரண்டு தடவை தேய்த்துக் கொடுத்தாள். "வாத்தியாரை இப்படி வேலை வாங்கினா விளங்குமா?" என்று முனகினாரே தவிர, பல்லைக் கழற்றவில்லை.

விருந்துக்குப் போகிறாரா என்று மட்டும் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஞாயிறு காலை குளித்துவிட்டு, தேய்த்த சட்டையோடு மாடியிலிருந்து இறங்கினார்.

"சும்மா வெளிய போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருமுனை வரை அவர் எதிரே வந்தவர்களோடெல்லாம் பேசிக்கொண்டு போனது கேட்டது.

பன்னிரண்டு மணி ஆனது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுட்ட கறி வேறு, ஊறி வெந்த கறி வேறு. தொடை என்றால் எத்தனை வயசு மாட்டுத்தொடையோ? கீழ் செட் எழுந்து நின்றால்? பதினோரு பேருக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டால், அப்புறம் இந்த வீட்டில் பல் என்ற சொல்லையே யாரும் சொல்ல முடியாது. ஒன்றரை மணிக்குப் பொறுக்க மாட்டாமல் போனை எடுத்தாள். கணவன் தடுத்தான், கேட்கவில்லை.

மூன்று தடவை மணி அடித்த பிறகு மாமனார் எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல், சிரிப்பு, தட்டுச் சத்தம்.

"மாமா? எப்படி இருக்கு? வலிக்குதா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் பல்லோடு பல் மோதும் 'டக் டக்' கேட்குமோ என்று தேடினாள். அது வந்தால் எங்கேயோ ஒரு பல்லின் உயரம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை. மெத்தென்று, சீராக, நிதானமாக ஒரு சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"ம்ம்" என்றார் மாமனார், வாய் நிறைய. போனை வைத்துவிட்டார்.

"என்னடி சொன்னாரு?" என்றான் கணவன்.

"ஒண்ணும் சொல்லலை" என்றாள் பல்லக்கா. "மென்னுக்கிட்டிருக்காரு."