பமாகோவில் தண்ணீர் கேட்டது

தொண்ணூறுகளின் நடுவில், இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரன் விற்கலாமென்று கல்முனையிலிருந்து மாலி நாட்டின் பமாகோ நகருக்குப் போனேன். தங்கிய சிறிய ஹோட்டலில் ஷவர் சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. முதலாளியின் மொழி எனக்குத் தெரியாது. ஓதிப் பழகிய அரபியில் "மாஉ, மாஉ" என்று தண்ணீர் கேட்டு, மேல்மாடி ஷவரை நோக்கிக் கையைத் தூக்கினேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. வறண்டு கிடந்த ஊருக்கு மழை கேட்க வந்த பெரியவர் என்று நினைத்துவிட்டார். சற்று நேரத்தில் முற்றம் நிறைய ஆட்கள் கையேந்தி நின்றார்கள். தப்ப வழியில்லாமல் நானும் கையேந்தி, தமிழிலேயே கேட்டேன்.

"யா அல்லாஹ், வந்த நாளிலிருந்து குளிக்கல்ல. ஒரு வாளித் தண்ணியாவது தா!"

"ஆமீன்!" என்று எல்லாரும் உருகினார்கள்.

மழை வரவில்லை. ஆனால் நான் தொழுகைக்குக் கைகால் கழுவட்டுமென்று முதலாளியே வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். கதவைச் சாத்திவிட்டு, அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டேன்.