ஏழு நாள் துக்கமும் ஒரு போட்டோவும்

தளி சாலையில் உள்ள ரோஜாப் பண்ணையில், பூக்களைத் தரம் பிரிக்கும் கூடத்துக்கு நான் சூப்பர்வைசர். பசுமைக்குடில்களின் சொட்டுநீர்ப் பாசனத்தைச் சரிசெய்ய இஸ்ரேலிலிருந்து ஒருவர் வந்து தங்கியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். யூதர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வேலையை நிறுத்திவிடுவார். சனிக்கிழமை செல்போனைக்கூடத் தொடமாட்டார்.

பிப்ரவரி ஏற்றுமதிக்காகப் பண்ணையே பறந்துகொண்டிருந்த வாரத்தில் ஊரில் அவருடைய அப்பா இறந்துபோனார். யூதர்கள் உடலை வைத்திருப்பதில்லை; முடிந்தால் அன்றைக்கே அடக்கம். விமானம் ஏறினாலும் முகம் பார்க்க முடியாது. அதனால் பண்ணையின் விருந்தினர் அறையிலேயே ஏழு நாள் துக்கம் காக்கப்போவதாகச் சொன்னார். அதற்கு அவர்கள் மொழியில் 'ஷிவா' என்று பெயர். ஏழு என்று அர்த்தமாம்.

முதல் நாள் நான் போனபோது, பூ அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். துக்கத்துக்கு அடையாளமாகச் சட்டையின் இடது மார்புப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் போர்வையால் மூடியிருந்தார்; துக்க நாளில் தன் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். துக்கத்தில் முதல் சாப்பாட்டை அடுத்தவர்தான் கொண்டுவந்து தரவேண்டும் என்பது அவர்கள் வழக்கம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு அது புதிதாகவே இல்லை. காவேரிப்பட்டினத்தில் எங்கள் அம்மா போன அன்று எங்கள் அடுப்பு எரியவில்லை; பக்கத்து வீட்டுச் சோறுதான். முட்டையும் பருப்பும் வாங்கிவந்து, அவர் தங்கள் மத உணவு விதிப்படி தனக்கென்று வைத்திருந்த பாத்திரத்திலேயே வேகவைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? சாவுக்கும் போகல, வேலைக்கும் வரல. ரூம்ல குந்திக்கினு இருந்தா என்ன அர்த்தம்?"

"உங்க அப்பா தவறினப்ப பதினாறாம் நாள் காரியம் முடியற வரைக்கும் நீங்களும் வரலீங்களே சார்."

"அது நம்ம சம்பிரதாயம்."

"இது அவரு சம்பிரதாயங்க சார்."

"நீ போய் உன் வேலையப் பாரு."

நான்காம் நாள் மதியம் மேனேஜரே விருந்தினர் அறைக்கு வந்தார். கையில் ஐம்பது ரோஜாக்கள் வைத்துக் கட்டிய பூங்கொத்து; பின்னால் போட்டோ எடுக்க ஆபீஸ் ஆள் ஒருவர். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று இஸ்ரேல்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மேனேஜரோ வாசலிலேயே, "ஹலோ சார், சியர் அப்!" என்று கத்தினார். பூங்கொத்தை இஸ்ரேல்காரர் மடியில் வைத்தார்.

அவர் அதை மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தார். "மன்னிக்கணும். துக்கத்துக்குப் பூ கொண்டுவருவது எங்களிடம் வழக்கமில்லை. வந்ததற்கு நன்றி" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மேனேஜர் காதில் வாங்கவேயில்லை. "போட்டோல இது அசிங்கமா இருக்கு" என்று கண்ணாடிமேல் கிடந்த போர்வையை இழுத்துக் கீழே போட்டார்.

நான்கு நாள் மழிக்காத தாடியோடும் கிழிந்த சட்டையோடும் தன் உருவம் எதிரே தெரிய, அந்த மனிதர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். எழுந்துபோய்ப் போர்வையை எடுத்து மறுபடி மூடினேன்.

"போட்டோ வேணாங்க சார். இது சாவு வூடு."

மேனேஜர் என்னை முறைத்துவிட்டு வெளியேறினார். மாலையில் எனக்கு மெமோ வந்தது: மேலதிகாரியை அவமதித்தேனாம். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே, 'அவமதிக்கப்பட்டவர் விருந்தினர் அறையில் இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் காலை அவர் எழுந்து, பண்ணையை ஒருமுறை சுற்றி நடந்தார். துக்கம் முடிந்ததற்கு அதுதான் அடையாளமாம். மறுநாளே வேலையில் இறங்கி இரண்டு குடில்களின் குழாய்களைச் சரிசெய்தார். பூ ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை.

இருந்தும் அடுத்த மாதம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம், 'ஒத்துழைப்பின்மை'. கூட்டத்தில் மேனேஜர் இதைப் படித்தபோது, "யாரு யாருக்கு ஒத்துழைக்கலீங்க சார்?" என்று எழுந்து கேட்டேன்.

"டீ ஆறுது, எல்லாரும் குடிங்க" என்றார் மேனேஜர்.