சிவநேசன் அண்ணையும் ஒரு சீன எழுத்தும்

சிவநேசன் அண்ணை இறந்த செய்தியை மல்வேர்ன் பஸ்ஸில் ஒருவர் சொன்னார். "தமிழை இப்பிடி நேசிச்ச மனுசன் இனிக் கிடையாது" என்றார். அண்ணையின் அச்சகத்தில் சில வருடங்கள் வேலை செய்தவள் நான். அஞ்சலிக் கூட்டத்தில் பேசக் கேட்டார்கள்; மறுத்துவிட்டேன். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தமிழில் அவர் பிழை பொறுக்கமாட்டார் என்பது உண்மை. கலியாண அழைப்பிதழ் ஒன்றில் மாப்பிள்ளையின் பெயரில் றகரத்துக்குப் பதில் ரகரம் விழுந்ததென்று, அடித்து முடித்த அவ்வளவையும் குப்பையில் போட்டார். "பேரில பிழை விட்டால் ஆளையே பிழையாக்கினது மாதிரி" என்பார். கூட்டத்தில் எல்லோரும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

எங்களிடம் சீன வேலைகளும் வரும். ஹொங்கொங்கிலிருந்து வந்த மெய் என்பவள் அவற்றைச் செய்தாள். ஒருநாள் ஒரு பெண் தன் தகப்பனின் மரணச்சடங்கு அட்டைக்காக வந்தாள். அவர் பெயரில் 喆 என்ற எழுத்து இருந்தது. சீன எழுத்துக்கென்று அப்போது எங்களிடம் இருந்த கொம்பியூட்டரில் அது இல்லை. ஒத்த எழுத்து எதுவென்று மெய்யிடம் கேட்டு, அண்ணை 哲 என்பதைப் போடச் சொன்னார். இரண்டுக்கும் ஓசையும் பொருளும் ஒன்றுதானாம்.

அச்சுப்படியைப் பார்த்ததும் அந்தப் பெண் தலையசைத்து மறுத்தாள். ஜப்பானில் 喆 அரிதென்றும், கொரியர்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாக வைப்பார்கள் என்றும், 'சொல்' என்பதுபோல் அதை வாசிப்பார்கள் என்றும் விளக்கினாள். "எங்கட ஆக்களிலும் சிலர் இரண்டும் ஒன்றென்பார்கள். ஆனால் என் அப்பா ஒருநாளும் மற்றதை எழுதியதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அண்ணை என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எல்லாம் கோடுதானே. செத்தவர் எழும்பி வந்து வாசிக்கப்போறாரே?"

அவளுக்குத் தமிழ் தெரியாது. சிரிப்பு விளங்கியது.

மத்தியானம் மெய் சாப்பிடாமல் ஒரு கொரிய அச்சகத்துக்குப் போனாள். அவர்களுடைய கொம்பியூட்டரில் அந்த எழுத்து இருந்தது. அதை அளவாக அச்செடுத்து வந்து, வெட்டி அட்டையின் மூலப்படியில் ஒட்டினாள். அட்டை சரியாக வந்தது. அந்தப் பெண் நன்றி சொன்னபோது, "நாங்கள் எழுத்தில் பிழை விடுவதில்லை" என்று அண்ணை அவளிடம் பெருமையடித்தார். அவள் போனதும் மெய்யைக் கூப்பிட்டு, சொல்வழி கேட்காதவள் இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

"அண்ணை, உது அநியாயம்" என்றேன்.

"உமக்கும் கதவு திறந்துதான் கிடக்குது."

என் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு மெய்யோடு வெளியேறினேன். இரண்டு பிள்ளைகளோடு அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வேலையில்லாமல் அலைந்தாள். அண்ணையோ, அவளுக்கு வேலை தெரியாதென்று ஊரெல்லாம் சொல்லித்திரிந்தார். இறந்துவிட்டார் என்பதற்காக இதை நான் மறக்கப்போவதில்லை.

பெயர்களைக் கடைசி எழுத்திலிருந்து வாசித்தால் பிழை பிடிபடும் என்று எனக்குக் காட்டித்தந்தவர் அவர்தான். அது ஒன்றைத்தான் அவரிடமிருந்து வைத்திருக்கிறேன். அவருடைய முப்பத்தோராம் நாளில் கொடுப்பதற்கான நினைவுப் புத்தகம், கல்வெட்டு என்போமே, அது நான் இப்போது வேலை செய்யும் அச்சகத்துக்கு வந்தது. அவருடைய பெயரையும் அப்படியே வாசித்தேன். பிழையில்லாமல் வரும். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.