ஷாரி பாபு

கார்டன் ரீச்சில், கப்பல் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் கிரேன் மேற்பார்வையாளர் பட்டாபிக்கு ‘ஷாரி பாபு’ என்றொரு பெயர் உண்டு. வைத்தவர் மேலாளர் கோஷால். எதைச் சொன்னாலும் பட்டாபி ‘சரி, சரி’ என்பார். வங்காளிக் காதுக்கு அது ‘ஷாரி’, அதாவது புடவை. “இன்னிக்கு எத்தனை ஷாரி வித்தீங்க, பாபு?” என்று கோஷால் சீண்டினால், அதற்கும் “சரி சார்”தான்.

கொல்கத்தாவிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. சண்டை போடுவது வங்காளத்தில், வேலை வாங்குவது ஹிந்தியில். ஊரே ‘டிக் ஆச்சே’ என்று ஒப்புக்கொள்ளும் இடத்தில் மட்டும் அவருக்குத் தமிழ் வந்துவிடும். ஒப்புக்கொண்டே பிழைத்த மனிதர். ஆகவே நாள் முழுக்கத் தமிழ் பேசினார் என்றே சொல்லலாம்.

ஒரே ஒருமுறை ஒப்புக்கொள்ளவில்லை. கிரேனின் இரும்புக் கயிறு பிரிந்திருக்கிறது, மாற்றாமல் தூக்கக் கூடாது என்றார். தலைமைப் பொறியாளர் துரைசாமி, “நாளைக்கு மாத்திக்கலாம், இப்பத் தூக்குங்க” என்றார். கயிறு அறுந்தது. கீழே நின்ற ஃபிட்டர் ஜமால் அங்கேயே இறந்துபோனார்.

விசாரிக்க கம்பெனியின் நார்வே தலைமையகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். தூக்கச் சொன்னது யார்? யார் பேர் வருகிறதோ அவர் வேலை போகும். பட்டாபி வாயெடுப்பதற்குள் துரைசாமி அவர் பக்கம் சாய்ந்தார்.

“அவசரப்படாதீங்க பட்டாபி. இந்த ரூம்ல தமிழாளு நாம ரெண்டே பேருதானுங்க. நான் பேசிக்கறேன்.”

“இல்ல சார், கயித்தப் பத்தி நான் அன்னிக்கே...”

“அட, உங்க பேரு வராம பாத்துக்கறேன்னு சொல்றேன்ல?”

“சரி சார். சரி... சரி.”

ஜமாலின் நினைவில் பட்டாபியின் குரல் உடைந்திருந்தது, தலையும் குனிந்திருந்தது. நார்வே அம்மாள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, நிஜமான கருணையோடு ஆங்கிலத்தில் சொன்னார்: “நன்றி, மிஸ்டர் பட்டாபி. மூன்று முறை ‘சாரி’ சொன்னீர்கள். தவறை ஏற்கத் துணிச்சல் வேண்டும்.”

பட்டாபி பதறி எழுந்து, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினார். அது தமிழ், மேடம்; ‘ஓகே’ என்று அர்த்தம்; துரைசாமி சாரையே கேளுங்கள்.

துரைசாமி எதிரேயிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். “ரொம்ப மனசு உடைஞ்சிருக்கார், மேடம்” என்றார் ஆங்கிலத்தில். பொய்யில்லை.

பட்டாபி அதே அறையில் உட்கார்ந்திருந்த கோஷால் பக்கம் திரும்பி வங்காளத்தில் கெஞ்சினார். “ஷாரி பாபுன்னு பேர் வச்சவரே நீங்கதானே, தாதா? சொல்லுங்களேன்.”

விபத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்ட நிம்மதியில் இருந்தார் கோஷால். “விருந்தாளி முன்னால் ஆங்கிலம் மட்டும், ப்ளீஸ்” என்றார்.

ஜமாலின் மனைவியிடம் கம்பெனியில் ஒருவரும் சாரி சொல்லவில்லை. சொல்லாத சாரிக்குப் பட்டாபியின் வேலை போயிற்று.

அன்று மாலை காளிகாட் மெட்ரோவில் இறங்கும்போது துரைசாமியிடமிருந்து போன்.

“கோயமுத்தூர்ல மச்சான் கம்பெனி இருக்குதுங்க, சொல்லி வெக்கறேன். நீங்க பாட்டுக்குக் கேஸு கீஸுன்னு போயிராதீங்க. சரிங்களா?”

பட்டாபி “ச...” என்று வாயைத் திறந்தார். மூடினார். பின்னால் வந்த கூட்டம் இடித்துக்கொண்டு முன்னேறியது.

“டிக் ஆச்சே” என்றார்.