நீந்தத் தெரியாதவர்களும் சேரலாம்

வெள்ளம், புயலில் உதவும் அனர்த்தத் தொண்டராகச் சேர வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "நீந்தத் தெரிஞ்சிருக்க வேணுமா?" எனக்கே நீந்தத் தெரியாது. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள், இருந்தும் இடுப்பளவைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியதில்லை. இதைச் சொன்னதும் அவர்களுடைய பயம் போய்விடும். என் மேல் இருந்த மரியாதையும் கொஞ்சம் போய்விடும், பரவாயில்லை.

பாலாவிப் பக்கம் உப்பளக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் கிராம அனர்த்தக் குழுவில் முதலுதவிப் பிரிவுக்கு இன்னும் நான்தான் பொறுப்பு.

சேருவதற்கு

பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். அந்தக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதியும் கிராம சேவகரின் கடிதமும் கொண்டுவர வேண்டும். பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். சம்பளம் இல்லை. ஒரு மஞ்சள் ஜாக்கெட் தருவார்கள், அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவு. எனக்கு இன்றுவரை பட்டன் பூட்டுப்படவில்லை.

சேர்ந்த பிறகு நிலைத்திருப்பதுதான் கஷ்டம். மாதப் பயிற்சிக்குத் தொடர்ந்து மூன்று தரம் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். எங்கள் ஊரில் கத்தோலிக்கரும், தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம்களும் கலந்து இருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை, ஞாயிற்றுக்கிழமை பூசை, கிழமை நாட்களில் வேலை. பயிற்சிக்கு நாள் குறிக்க வந்த அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எந்த நாள் வெச்சாலும் பாதிப் பேர் இல்ல. நான் ஆருக்குப் பயிற்சி குடுக்கிறது, கதிரையளுக்கா?"

கடைசியில் சனிக்கிழமை பின்னேரம் என்று முடிவானது. அது பெண்கள் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் நேரம். ஒவ்வொருத்தியாக நின்றுபோய், கடைசியில் குழுவில் பெண் என்று நான் மட்டும் மிஞ்சினேன். அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

பரீனாவின் வீடு

ஒரு மாரி மழைக்கு மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கீழே கடலோரக் களப்பு ஏற்கெனவே நிரம்பியிருந்தது. தாழ்வான வீடுகளில் இருந்தவர்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தோம். நான் மண்டபத்தில் நின்றேன். மத்தியானம் மீட்புப் பிரிவுத் தலைவர் ரமீஸ் போன் எடுத்தார்.

"மெட்டில்டா அக்கா, பரீனா கதவத் தொறக்கிறா இல்ல. வீட்டுக்குள்ள தண்ணி ஏறுது. மாமியும் சின்னப் புள்ளயும் கூட இரிக்கிறாங்க. இத்தாவில இரிக்கிற ஆள், என்ன செய்யிற?"

பரீனாவின் கணவர் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா.

ட்ரெக்டரில் ஏறிப் போனேன். முழங்காலளவு தண்ணீரில் ஆண்கள் நாலு பேர் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். ரமீஸ் பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டிக் கதவுக்கு நேரே பிடித்திருந்தார். உயிருக்கு ஆபத்தென்றால் தாராளமாக வெளியே வரலாம் என்று மௌலவி திரும்பத் திரும்பச் சொன்னார். கதவு திறக்கவில்லை. தண்ணீர் என் தொடைக்கு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

ஆண்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு நான் தட்டினேன். "பரீனா, நான் மெட்டில்டா. அவங்கள் போயிட்டாங்கள். திற தங்கச்சி."

கதவு ஒரு சாண் திறந்தது. மாமியும் பிள்ளையும் மேசைமேல் இருந்தார்கள். பரீனா அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோபத்தில் கொதித்துக்கொண்டு நின்றாள்.

"மௌலவி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா அக்கா? நான் மதரஸாவில ஓதிக் குடுக்கிறவள். உயிரக் காப்பாத்த வரலாமெண்டு எனக்குத் தெரியும். நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு, அங்க வந்து எங்க இரிக்கிற? அத்தன ஆம்பிளையளுக்கு நடுவிலயா? அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்றாங்க இல்ல. வா, வா எண்டு கத்துறாங்க."

இத்தனை பயிற்சி எடுத்தும் அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பிறகுதான் பள்ளிக்கூட நூலக அறை ஞாபகம் வந்தது.

"லைப்ரரி அறை இருக்கு. பூட்டலாம். திறப்பு உன்ர கையில தாறன். வாசலில நான் கதிரை போட்டு இருப்பன். என்னைத் தாண்டித்தான் ஆரும் உள்ள வரவேணும்."

அவள் என்னையும் பூட்டுப்படாத ஜாக்கெட்டையும் மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இருந்தா ஆரும் தாண்ட ஏலாதுதான்."

அந்த நேரத்திலும் அவளுக்கு வாய் குறையவில்லை. நான் பள்ளிக்கூட அதிபருக்குப் போன் எடுத்து அறையைத் திறக்கச் சொன்னதைத் தன் காதால் கேட்ட பிறகே வெளியே வந்து, மாமியோடும் பிள்ளையோடும் ட்ரெக்டர் பெட்டியில் ஏறினாள். ரமீஸும் மற்றவர்களும் திரும்பிப் பார்க்காமல் ட்ரெக்டருக்கு முன்னால் தண்ணீரில் நடந்தார்கள். நாங்கள் றோட்டுக்கு ஏறியபோது அவளுடைய வீட்டு ஜன்னலைத் தண்ணீர் தொட்டிருந்தது.

பொழுதுபடுமுன் அந்த அறைக்குப் பச்சைக் குழந்தையோடு ஒருத்தி வந்தாள். பிறகு எங்கள் கோயில் பக்கத்துக் கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள் வந்தார்கள். அறை அத்தனை பேருக்கும் தேவைப்பட்டது. வாய் திறந்து கேட்டவள் பரீனா மட்டும்தான்.

நிலைத்திருப்பதற்கு

இத்தா முடிந்ததும் அவள் அடையாள அட்டைப் பிரதியோடு வந்து நின்றாள். தானும் சேரவேண்டுமாம்.

"நீந்தத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது சேர். மெட்டில்டா அக்காவுக்குத் தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சேருறதுக்கு எங்களிட்டத் தகுதி கேக்கிறீங்க. சரி. நாங்க வரக்கூடிய நேரத்தில பயிற்சிய வைங்க. புள்ளையளையும் கூட்டிட்டு வருவம்" என்றாள். அவர் முணுமுணுத்தபடி சனிக்கிழமை காலைக்கு மாற்றினார். இன்று பயிற்சியில் பெண்கள்தான் அதிகம். மூன்று தரம் என்ற விதி மாறவில்லை. எனக்கு முழங்கால் வலி வந்தபோது அவளே போன் எடுத்து, "ரெண்டு தரம் வரல்ல அக்கா, ஞாபகம் இரிக்கட்டும்" என்று மிரட்டினாள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கதவைத் தட்டப் போகுமுன், அவர்களைக் கொண்டுபோய் எங்கே வைப்பீர்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

போன மழைக்கு எங்கள் கோயில் பக்கத்துச் சூசை அண்ணன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்றார். அவருடைய மனைவி படுத்த படுக்கை. உடுப்பு மாற்றுவது முதல் எல்லாம் கட்டிலில்தான். வெளியே நின்று கூப்பிட்டவர்களுக்கு அவர் கதவைத் திறக்கவில்லை. பரீனா போய்க் கதவைத் தட்டினாள்.

"அண்ணன், நான் பரீனா. பள்ளிக்கூடத்தில அக்காவுக்குக் கட்டில் போட்டு, சுத்திவரச் சீலை கட்டி வெச்சிட்டுத்தான் வந்திரிக்கிறன்."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.