சுல்தானின் ஒரே ஆங்கிலம்

அருப்புக்கோட்டை ஆட்டு வியாபாரி சுல்தானுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது ஒரே வார்த்தை. ப்ளோட். சவூதியில் செம்மறிப் பண்ணையில் வேலை பார்த்த காலத்தில், ஆடுகள் பார்லியை மூக்குமுட்டத் தின்று வயிறு உப்பிச் சாயும்போதெல்லாம் பண்ணை மேலாளர் அப்படித்தான் கத்துவார். ஓடிப்போய் ஆட்டின் வாயில் எண்ணெய் ஊற்றி, முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்துவது சுல்தானின் வேலை.

ஊர் திரும்பியவர் அந்த வார்த்தையைச் சும்மா விடவில்லை. உப்பும் தவிடும் கொடுத்துத் தண்ணீர் காட்டி எடையேற்றிய கிடாயைச் சந்தையில் பார்த்தால் ப்ளோட். மேடையில் எவராவது நீட்டி முழக்கினாலும் ப்ளோட்.

மகள் ஆஃப்ரின் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். அவளுக்கு இது பொறுக்கவில்லை.

"அத்தா, எல்லாத்துக்கும் ப்ளோட் ப்ளோட்டுங்காதீக. ப்ளோட்டட்டுன்னுதான் அதிகம் சொல்லுவாக. வயிறுன்னாலும் சரி, பட்ஜெட்டுன்னாலும் சரி, கம்மாயில மெதக்குற பொணம்னாலும் சரி."

"மூணுக்கும் ஒண்ணா? வெள்ளைக்காரன் வெவரமானவன்தான். பூரிக்கும் சொல்லலாமா?"

"சொல்லக் கூடாது. வேண்டாததா வீங்குனாத்தான் அந்த வார்த்தை."

சுல்தானுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அந்த வருஷமே ஆஃப்ரினைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஹாரிஸ், தோஹாவில் வேலை. தகப்பன் இல்லாத பையன் என்பதால் பெரியப்பா முஸாஃபர்தான் பேசினார்.

"தம்பி அங்க பெரிய இன்சார்ஜு. இவன் கையெழுத்துப் போடாம ஒரு பில்டிங்கு எந்திரிக்காது. அரபியே இவனக் கேட்டுத்தான் டீ குடிப்பான்."

"ப்ளோட்டட்," என்றார் சுல்தான். மனசுக்குள் சொல்ல நினைத்தது வாய்வழியே வந்துவிட்டது.

"என்ன சொன்னீக?"

"வயித்தச் சொன்னேன், பாய். காலையிலருந்து ஒரு மாதிரி."

ஹாரிஸ் சிரித்துவிட்டான். "மாமா வயித்தச் சொல்லல, பெரியத்தா. உங்க பேச்சச் சொல்றாக. சரியாத்தான் சொல்றாக. நான் சாரம் கட்டுற ஆளு மாமா. கையெழுத்தெல்லாம் சம்பளம் வாங்கயில போடுறதுதான்."

முஸாஃபர் முகம் சிவந்து எழுந்தார். செருப்பைத் தேடினார். அதற்குள் சுல்தானின் மனைவி பரக்கத் நிஷா பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்தாள். கறியின் வாசனை கூடத்துக்கு வந்தது.

"எல போட்டாச்சு. சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கங்க," என்றாள்.

முஸாஃபர் உட்கார்ந்தார். அவமானத்தை எல்லாம் சோற்றில் காட்டினார். போதும் என்று அவர் சொல்லவில்லை, பரக்கத் நிஷாவும் கேட்கவில்லை. கடைசியில் எழ முயன்றவர் எழ முடியாமல் சுவரில் சாய்ந்தார். வேட்டியைத் தளர்த்தினார். மூச்சு வாங்கியது.

சுல்தான் பதறி நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"மனுஷங்க அவுக," என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு பரக்கத் நிஷா ஓமத் தண்ணீரைக் கொடுத்தாள்.

ஆனாலும் சுல்தானுக்குக் கை சும்மா இருக்குமா? முஸாஃபரைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிப்போய், ஆடு ஏற்றும் லோடு ஆட்டோவின் பின்பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றி நிற்கவைத்து முதுகைத் தடவினார். சற்று நேரத்தில் ஓர் ஏப்பம் கிளம்பியது. எதிர்வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

"பொண்ணு வீட்டுக்காரவுக நல்ல மாதிரி," என்றார் முஸாஃபர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மாப்பிள்ளையும் பொய் சொல்லலையே பாய். எனக்கு அது போதும்," என்றார் சுல்தான்.

ஆஃப்ரின் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. ஹாரிஸிடம் போனில் பேசிவிட்டுச் சொல்வதாக அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் பேசினாள்.

"அம்புட்டு ஒசரத்துல நிக்கயில பயமா இருக்காதா?"

"மொதல்ல ரொம்ப இருந்துச்சு. இப்ப காத்தடிச்சா மட்டும்."

பக்ரீத் முடிந்ததும் நிக்காஹ் வைத்தார்கள்.